வரிசை நிற்காத இடம்

திருவல்லிக்கேணி பெரிய தெருவிலோ சிங்கராச்சாரி தெருவிலோ ஒரு பழைய வீட்டு பீரோவைத் திறந்தால், மேல் தட்டில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். வங்கியின் எஃப்.டி. ரசீது, ஏதோ ஒரு பெனிஃபிட் ஃபண்டின் பாஸ்புக், சீட்டுக் கம்பெனி கொடுத்த அட்டை, தபால் ஆபீஸ் ஆர்.டி. புத்தகம், நாலைந்து பாலிசிப் பத்திரங்கள். எல்லாம் ஒரே ரப்பர் பேண்டுக்குள். கேட்டால், எல்லாமே சேமிப்புதான் என்பார் வீட்டுக்காரர். பெண்ணின் கல்யாணத்துக்கு, பையனின் படிப்புக்கு, வயதான காலத்துக்கு.

முதல் நான்கும் ஒரு ரகம். கொடுத்த பணம் ஒரு தேதியில் திரும்பி வரும் என்ற வாக்கு அவை. ஐந்தாவது காகிதம் வேறு. அதையும் மற்ற நான்கோடு சேர்த்துக் கட்டி வைத்ததில்தான் நம் நடுத்தரக் குடும்பங்கள் ஏமாறுகின்றன.

எஃப்.டி. ரசீதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே தாள். பெயர், தொகை, வட்டி விகிதம், போட்ட தேதி, முதிர்வுத் தேதி, முதிர்வுத் தொகை. ஒரு நிமிஷத்தில் படித்துவிடலாம். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா, புகைபிடிப்பீர்களா, உங்கள் அப்பா எத்தனை வயதில் எதனால் இறந்தார் என்றெல்லாம் வங்கி கேட்பதில்லை. தேதி வந்தால் பணம் உங்களுடையது. இப்போது பாலிசிப் பத்திரத்தைப் பிரியுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரும் காப்புத் தொகையும் பளிச்சென்று இருக்கும். அதற்குப் பிறகு வரும் பக்கங்கள் எல்லாம் அந்தத் தொகை எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பதைப் பற்றியவை. கடைசியில் ஒரு நகல் பின் அடித்திருக்கும். நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பம். பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பதைப் பல நேரம் அந்த நகல்தான் தீர்மானிக்கிறது. அதைப் படித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

அளவில் இரண்டு தொழில்களும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. 2025 மார்ச் இறுதியில் ஸ்டேட் பாங்கில் மக்கள் போட்டிருந்த டெபாசிட் சுமார் 54 லட்சம் கோடி ரூபாய். அதே தேதியில் எல்.ஐ.சி. நிர்வகித்த சொத்துகளின் மதிப்பும் சுமார் 54 லட்சம் கோடி. ஆனால் கவனம் மட்டும் சமமாக இல்லை. ரெப்போ வட்டி கால் சதவீதம் நகர்ந்தால் அன்று மாலைக்குள் எல்லா டி.வி.யிலும் விவாதம். ஹைதராபாத்தில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு விதியை மாற்றினால், அது கோடிக்கணக்கான குடும்பங்களைத் தொடும் விஷயமாக இருந்தாலும், பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியோடு போய்விடுகிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. வங்கி தடுமாறினால் வாசலில் வரிசை நிற்கும். இன்ஷூரன்ஸில் வரிசையே நிற்பதில்லை.

1906 அக்டோபர்

சென்னைக்கு வரிசை என்றால் என்னவென்று தெரியும். 1906 அக்டோபர் 22-ஆம் தேதி ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. நூறாண்டு கண்ட வெள்ளைக்கார நிறுவனம், வியாபாரத்தோடு வங்கித் தொழிலும் நடத்தி வந்தது. பென்ஷன்காரர்கள், வக்கீல்கள், அரசு உத்தியோகஸ்தர்கள், கணவனை இழந்த பெண்கள் எனப் பலரும் தங்கள் கைப்பணத்தை அங்கேதான் போட்டிருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் லண்டனில் அந்த நிறுவனத்தின் பங்காளி மெக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டிருந்தார். இங்கே சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது வழக்கு நடந்து, 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நகரத்தார் முதலீட்டோடு ஒரு சுதேசி வங்கியை எழுப்பினார். 1907 ஆகஸ்ட் 15-இல் இந்தியன் பாங்க் வேலையைத் தொடங்கியது. ஊர் முழுக்க ஒரே நாளில் பணத்தை இழந்ததால் ஊர் முழுக்கக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு வங்கி பிறந்தது.

அதே 1906-இல், அதே சென்னையில், இன்னொரு சுதேசி நிறுவனமும் தொடங்கியது. யுனைடெட் இந்தியா லைஃப் அஷ்யூரன்ஸ். சுதேசி அலையில் கல்கத்தாவிலும் லாகூரிலும் எழுந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் வரிசையில் நம்முடையது இது. இதற்கும் வெகு முன்பே, 1829-இல், மெட்ராஸ் ஈக்விட்டபிள் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டிருந்தது. ஆக, இந்த நகரத்துக்கு இன்ஷூரன்ஸ் ஒன்றும் புதிதல்ல. ஆனால் ஆர்பத்நாட்டைப் பற்றி இன்றும் கதை சொல்கிறோம். யுனைடெட் இந்தியாவின் பிறப்பு யாருக்கும் நினைவில்லை.

மறதி அதோடு நிற்கவில்லை. 1956 ஜனவரி 19-இல் ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டபோது, நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் காரணங்களை நாட்டுக்கு விளக்கினார். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 25 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாகியிருந்தன. இன்னொரு 25 நிறுவனங்கள் கைப்பொருளைக் கரைத்துவிட்டதால், பாலிசிதாரர்களுக்கு நஷ்டத்தோடு வேறு கம்பெனிகளுக்கு மாற்றப்பட்டிருந்தன. மொத்தம் ஐம்பது. இந்த ஐம்பதில் ஏதாவது ஒரு கம்பெனியின் வாசலில் கூட்டம் கூடியதாக நம் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? பாலிசிதாரர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஒருவர் திண்டிவனத்தில், ஒருவர் தேனியில். ஒருவருக்குப் பணம் இந்த வருஷம் தேவை, இன்னொருவருக்கு இருபது வருஷம் கழித்து. யாரோடு சேர்ந்து எந்த வாசலில் போய் நிற்பது?

வங்கி, இன்ஷூரன்ஸ் இரண்டையும் உள்ளிருந்து அறிந்த மனிதர் ஒருவர் சென்னையில் இருந்தார். எம்.சிடி.எம்.சிதம்பரம் செட்டியார். யுனைடெட் இந்தியாவை வளர்த்தவர் அவர். 1937 பிப்ரவரி 10-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் கிளை திறந்து இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியவரும் அவரே. மவுண்ட் ரோட்டில் தன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இந்நகரம் அதுவரை கண்டிராத உயரத்தில் ஒரு கட்டடத்துக்கு வேலை தொடங்கினார். 1954 மார்ச்சில் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோனார். வயது 45. கட்டடம் முடிவதற்குள் ஆயுள் காப்பீடு தேசியமயமாகிவிட்டது. 1959 ஆகஸ்டில் அதைத் திறந்து வைத்தவர் மத்திய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். வாலாஜா ரோடு வழியாக அண்ணா சாலைக்கு வரும் திருவல்லிக்கேணிக்காரர்கள் நாள் தவறாமல் பார்க்கும் எல்.ஐ.சி. பில்டிங் அதுதான்.

245 நிறுவனங்களைச் சேர்த்து 1956 செப்டம்பர் 1-இல் உருவான எல்.ஐ.சி.யின் கைக்கு மலையளவு பணம் வந்தது. ஒரே வருஷத்தில் சோதனையும் வந்தது. 1957-இல் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் 1.24 கோடி ரூபாய்க்கு எல்.ஐ.சி. பங்கு வாங்கியது. ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியை விட்டு விலகினார் நம் சென்னைக்காரரான டி.டி.கிருஷ்ணமாச்சாரி. கவனிக்க வேண்டியது, இந்த விவகாரத்தைப் பாலிசிதாரர் யாரும் கிளப்பவில்லை. தங்கள் பணத்தில் என்ன நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. ஒரு எம்.பி. கேட்காமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

கூட்டம் என்ற கணக்கு

வங்கி செய்வது என்ன? இன்று கேட்டாலும் தர வேண்டிய பணத்தை வாங்கி, பத்து இருபது வருஷம் கழித்துத் திரும்பும் கடனாகக் கொடுக்கிறது. எல்லாரும் ஒரே நாளில் வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தொழில் நடக்கிறது. வந்துவிட்டால் உலகத்தில் எந்த வங்கியும் தாங்காது. வங்கிக்குக் கூட்டம் பயம்.

இன்ஷூரன்ஸ் நேர் எதிர். அதற்குக் கூட்டம்தான் பலம். முப்பது வயதுள்ள ஒரு ஆட்டோக்காரர் அடுத்த வருஷம் இருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. முப்பது வயதுள்ள ஒரு லட்சம் பேரில் அடுத்த வருஷம் எத்தனை பேர் இருக்க மாட்டார்கள் என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். இதைக் கணக்கிடத்தான் ஆக்சுவரி என்ற கணித நிபுணர் இருக்கிறார். பிரீமிய அட்டவணைக்கு அவர் சான்று வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, யார் வீட்டில் இழவு விழுகிறதோ அந்த வீட்டைத் தூக்கி நிறுத்துவது. சிறு பணத்தைப் பலர் சேர்ந்து போடும் பழக்கம் இந்தப் பேட்டைக்குப் பழையது. 1904-இல் தொடங்கி இன்றும் நடக்கும் டி.யு.சி.எஸ். கூட்டுறவுப் பண்டகசாலை இங்கே பிறந்ததுதான்.

ஆகவே பாலிசியில் 'போட்ட பணம் திரும்பி வருமா?' என்று கேட்பதே பொருந்தாது. வராமல் போனால் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள், உங்கள் பங்கு இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கிறது. ஆனால் நாம் எல்லோரும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறோம். அதற்கு ஏற்றபடி கம்பெனிகளும் திட்டம் போட்டன. எண்டோமென்ட், மணி பேக். இருந்தாலும் பணம், இறந்தாலும் பணம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கட்டுகிற ஒரு குடும்பத் தலைவருக்கு இதில் கிடைக்கும் காப்பு பெரும்பாலும் பத்து லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கும். அவர் போய்விட்டால், பைகிராப்ட்ஸ் ரோடு பக்கத்தில் வாடகை கொடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டிக்கொண்டு, அந்தப் பணத்தில் அவர் மனைவி எத்தனை வருஷம் ஓட்ட முடியும்? திரும்பி வராத டெர்ம் பாலிசியில், புகைபிடிக்காத முப்பது வயதுக்காரர் ஒரு கோடி ரூபாய் காப்புக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் கட்டினால் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளின் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. இருந்தும் டெர்ம் பாலிசியை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டு வருபவர்கள் குறைவு. கமிஷன் எங்கே அதிகமோ, விற்பனையும் அங்கேதான் அதிகம். தபால் ஆபீஸ் ஆர்.டி.க்கு வீடு வீடாக வந்து பணம் வாங்கிப் போகும் மாமிக்கு நூற்றுக்கு நாலு ரூபாய். எண்டோமென்ட் பாலிசி பிடித்த ஏஜென்டுக்கு முதலாண்டு பிரீமியத்தில், போனஸ் கமிஷனும் சேர்த்து, நூற்றுக்கு முப்பத்தைந்து வரை என்பது நெடுநாள் இருந்த வழக்கம். 2024 அக்டோபரில், பாலிசியைப் பாதியில் விட்டால் திரும்பும் தொகை பற்றிய சரண்டர் விதிகள் மாறிய பிறகு இதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள்.

கூட்டம்தான் பலம் என்றேன். அதிலும் ஒரு ஆபத்து உண்டு. எல்லாருக்கும் ஒரே நாளில் ஆபத்து வந்தால் அந்தக் கணக்கு தவறிவிடும். 2004 டிசம்பர் 26 காலை கடல் உள்ளே வந்தபோது நடுக்குப்பம், அயோத்தியாகுப்பம் மீனவர்களில் பெரும்பாலோருக்குப் படகுக்கோ வலைக்கோ இன்ஷூரன்ஸ் என்ற பேச்சே இல்லை. அரசு நிவாரணம்தான் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலைமை வேறு. கார்களும் கடைகளும் தொழிற்கூடங்களும் சேர்ந்து மூழ்க, கிளெய்ம்கள் ஒரே வாரத்தில் குவிந்தன. இதைத் தாங்கத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தாங்களும் இன்னொரு கம்பெனியிடம் ரீ-இன்ஷூரன்ஸ் எடுக்கின்றன. கையில் போதிய மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சால்வென்ஸி விகிதம் 1.5-க்குக் குறையக் கூடாது. 1973-இல் 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்களை நான்காக இணைத்தபோது சென்னைக்குக் கிடைத்தது யுனைடெட் இந்தியா என்ற பொதுக் காப்பீட்டு நிறுவனம். தலைமையகம் இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒயிட்ஸ் ரோட்டில். அதுவும், நேஷனல், ஓரியண்டல் ஆகியவையும் சமீப ஆண்டுகளில் அந்த 1.5-க்குக் கீழே இறங்கின. கட்டுப்படி ஆகாத பிரீமியத்துக்குக் குரூப் மெடிக்ளெய்ம் பாலிசிகளை விற்றது ஒரு காரணம். 2019-20 முதல் மூன்று ஆண்டுகளில் மத்திய அரசு இந்த மூன்றுக்கும் சேர்த்து 17,450 கோடி ரூபாய் கொடுத்தது. ஒரு வங்கிக்கு இப்படி நடந்திருந்தால் திருவல்லிக்கேணி டீக்கடை வரைக்கும் பேச்சு வந்திருக்கும்.

யாரைக் கேட்பது?

2020 நவம்பர் 17 மாலை, கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிப்பு வந்தது. பத்தே நாளில் அந்த வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. 2023 ஜூனில் சஹாரா லைஃப் நிறுவனத்தின் நிதிநிலை சரிந்ததால் அதன் பாலிசிகளை எஸ்.பி.ஐ. லைஃபுக்கு மாற்றும்படி உத்தரவிட்டது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இரண்டிலும் ஒரு கண்காணிப்பாளர் இருந்தார், குறுக்கே புகுந்தார்.

இதோடு 2024 ஆகஸ்டை வைத்துப் பாருங்கள். 1872-இல் மயிலாப்பூரில் தொடங்கிய இந்து பர்மனென்ட் ஃபண்டில், முதிர்ந்த டெபாசிட்டுகளுக்குப் பணம் வரவில்லை என்ற புகாரின் பேரில் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்தது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டிருந்த முதியவர்கள் புகார் மனுவோடு அலைந்தார்கள். வங்கி டெபாசிட்டுக்கு ஆளுக்கு 5 லட்சம் வரை காப்பு உண்டு. 1962-இல் தொடங்கிய டெபாசிட் இன்ஷூரன்ஸ் அமைப்பு அதைத் தருகிறது, அதற்கான பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது. வங்கியின் முதுகுக்குப் பின்னாலும் ஒரு இன்ஷூரன்ஸ் நிற்கிறது என்பது இதன் பொருள். பெனிஃபிட் ஃபண்ட் எனப்படும் இத்தகைய நிதிக் கம்பெனிகளுக்கு அது கிடையாது. ரிசர்வ் வங்கி அவற்றின் அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பதில்லை, அவை கம்பெனி விவகார அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. விழுந்தால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெபாசிட்தாரர் நலப் பாதுகாப்புச் சட்டம்தான் வழி. சொத்தை முடக்கி, ஏலம் விட்டுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். நூற்றைம்பது வருஷப் பெயர், அரை சதவீதம் கூடுதல் வட்டி, தெரிந்த முகம். இந்த மூன்றும் கண்காணிப்புக்கு ஈடாகாது. சீட்டுக்கு மாநிலப் பதிவாளரும் 1982-ஆம் ஆண்டின் மத்திய சட்டமும் உண்டு. பதிவு பெற்ற சீட்டா என்று பார்த்துச் சேர்ந்தால் போதும்.

பாலிசிக்கு? எல்.ஐ.சி. சட்டத்தின் 37-ஆவது பிரிவு, அதன் பாலிசிகளுக்கு மத்திய அரசின் உத்தரவாதம் தருகிறது. மற்றக் கம்பெனிகளுக்கு வங்கியைப் போல 5 லட்சம் காப்பு என்று ஒன்று இந்தியாவில் இல்லை. சால்வென்ஸி விதியும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் கண்காணிப்பும்தான் பாதுகாப்பு. ஆனால் உண்மையைச் சொன்னால், இன்று ஒரு பாலிசிதாரருக்குப் பயம் கம்பெனி திவாலாவதில் இல்லை. கம்பெனி கல்லுப்போல நிற்கும்போதே கிளெய்ம் நிராகரிக்கப்படுவதில் இருக்கிறது.

'இல்லை' என்ற டிக்

நிராகரிப்பின் விதை பாலிசி விற்கும் அன்றே விழுந்துவிடுகிறது. விண்ணப்பத்தில் உடல்நிலை பற்றி ஒரு பக்கம் கேள்விகள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, முன்பு செய்த அறுவை சிகிச்சை. ஏஜென்டே பேனாவை எடுத்து வரிசையாக 'இல்லை' என்று டிக் செய்கிறார். "பி.பி.க்கு மாத்திரை சாப்பிடறேனே சார்?" என்று கேட்டால், "அதெல்லாம் எழுதினா லோடிங் போட்டுடுவாங்க சார், விடுங்க" என்ற பதில் வருகிறது. கீழே கையெழுத்து நம்முடையது. டெபாசிட்டில் வங்கி நமக்குக் கடன்பட்டிருக்கிறது, அவ்வளவே. இன்ஷூரன்ஸிலோ நாம் உண்மையைச் சொல்லியிருக்கிறோம் என்ற நம்பிக்கையின் மேல்தான் ஒப்பந்தமே நிற்கிறது. அந்த ஒரு டிக்கைப் பிடித்துக்கொண்டு, கணவனை இழந்த பெண்ணிடம் கம்பெனி 'இல்லை' என்று சொல்ல முடியும். ஆயுள் பாலிசியில் மூன்று ஆண்டு முடிந்துவிட்டால் எந்தக் காரணத்தைக் காட்டியும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவு. மருத்துவ பாலிசியில் அந்தக் காலம் ஐந்து ஆண்டு, மோசடி என்று நிரூபித்தால் தவிர.

பத்திரம் கைக்கு வந்ததும் அந்த நகலை எடுத்துப் படியுங்கள். தவறாக டிக் இருந்தால் உடனே எழுதித் திருத்துங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், சிறு கழிவு போகப் பணம் வந்துவிடும். எஃப்.டி.க்கு இல்லாத இந்த உரிமையைச் சட்டம் பாலிசிக்குத் தந்திருக்கிறது. விற்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துதான் தந்திருக்கிறது.

விற்கும் இடங்களிலேயே எனக்கு அதிகம் கோபம் வருவது வங்கிக் கவுன்ட்டர். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை முதிர்ந்த டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போகிறார். "அம்மா, இதுல வட்டி ஜாஸ்தி, வரியும் கிடையாது" என்று பணிவாகச் சொல்லி வேறொரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அடுத்த வருஷம் பிரீமியம் கட்டச் சொல்லி மெசேஜ் வரும்போதுதான் அது டெபாசிட் இல்லை, பத்து வருஷம் கட்ட வேண்டிய பாலிசி என்று தெரிகிறது. இந்தப் பேட்டையில் பென்ஷன்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒருவராவது 'எனக்கும் நடந்தது' என்பார். லாக்கர் வேண்டுமா, ஒரு பாலிசி எடுங்கள் என்பதும் உண்டு. அப்படிக் கட்டாயப்படுத்த எந்த வங்கிக்கும் உரிமை இல்லை. 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே வங்கியாளர்கள் கூட்டத்தில் இதைக் கண்டித்தார். அந்த ஆசிரியை நம்பியது வங்கி என்ற பெயரை. நூறு வருஷமாகச் சேர்த்த அந்த நம்பிக்கையைச் செலவழித்துத்தான் பாலிசி விற்கிறார்கள். இது நிற்க வேண்டும்.

எல்லோரும் இந்த இரண்டு தொழிலையும் ஒரே மாதிரி நாடுவதும் இல்லை. வாலாஜா பள்ளிவாசலைச் சுற்றி இருக்கும் குடும்பங்களில் பல, மார்க்கத்தில் வட்டி விலக்கப்பட்டது என்பதால் எஃப்.டி. போடுவதில்லை. வழக்கமான ஆயுள் பாலிசியும் எடுப்பதில்லை. பல ஊர் ஜமாஅத்துகளில் பைத்துல்மால் என்ற பொது நிதி வழியே வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. மலேசியாவில் இருப்பது போன்ற தக்காஃபுல் காப்பீடு இங்கே கிடையாது. வட்டியில்லா வங்கி யோசனையையும் 2017-இல் ரிசர்வ் வங்கி கைவிட்டது. ஒரு பெரிய சமூகத்தின் வீட்டில் சம்பாதிப்பவர் இறந்தால் அவர்கள் மனசாட்சிக்கு ஒத்த ஒரு காப்பு கிடைக்காமல் இருக்கிறது என்பது நாட்டின் குறை.

மருத்துவம்

ஓமந்தூரார் தோட்டத்துப் பல்நோக்கு மருத்துவமனையிலும் ராயப்பேட்டை ஜி.எச்.சிலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு நிற்பவர்களில் பலருக்கு, தாங்கள் இன்ஷூரன்ஸ் வைத்திருப்பதாகவே தோன்றாது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான திட்டமாக மாறி, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. பிரீமியம் கட்டும் அரசின் கை பெரிது என்பதால் கம்பெனியோடு பேசித் தீர்க்க ஒரு ஆள் இருக்கிறார்.

சொந்தக் காசில் மெடிக்ளெய்ம் எடுத்த நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த ஆள் இல்லை. 2023-24-இல் பொது, மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு வந்த மருத்துவ கிளெய்ம்களில் எண்ணிக்கையில் நூற்றுக்கு 83-க்குப் பணம் கொடுக்கப்பட்டது, 11 நிராகரிக்கப்பட்டன. வங்கியில் நூறு பேர் எஃப்.டி. முதிர்ந்து போய் நின்று, அதில் பதினொரு பேரை வெறுங்கையோடு அனுப்பினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று மத்தியானமே அந்த வங்கி இருக்காது. இங்கே அந்தப் பதினொரு பேரும் பதினொரு ஆஸ்பத்திரியில், பதினொரு பில்லிங் கவுன்ட்டரில் தனித்தனியாக நிற்கிறார்கள்.

நிராகரிப்புகள் எல்லாமே அநியாயம் என்று சொல்ல வரவில்லை. பாலிசியில் இல்லாத சிகிச்சைக்குக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் எந்தக் கம்பெனி, எந்தக் கிளை, எந்தக் காரணத்தால் எத்தனை கிளெய்மை மறுத்தது என்பதைக் கம்பெனி வாசலிலும் வங்கிக் கவுன்ட்டரிலும் ஏஜென்ட் நீட்டும் தாளின் முதல் பக்கத்திலும் தமிழில் போட வேண்டும். வரிசை நிற்காத தொழிலில், தெரிந்தவர் யாராவது ஏமாந்தாரா என்று விசாரித்து அறிய முடியாது. எண்ணைக் காட்டினால்தான் உண்டு. டெபாசிட் வட்டியைப் போர்டில் எழுதி வைக்கும் வங்கி, தான் விற்கும் பாலிசியின் கிளெய்ம் கணக்கை எழுதி வைப்பதில் என்ன தடை?

அது வரும்வரை கையில் இருக்கும் வழிகளைப் பிடித்துக்கொள்ளலாம். கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும் என்பது 2024-இல் வந்த விதி. தாமதித்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். கிளெய்மை மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலை மேலேயே. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்கைக் கேட்பார்கள். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

இன்னொன்று, இது மான்ஷன் அறைகளில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், ஜாம்பஜாரில் கடை போடுபவர்களின் வீட்டாருக்கும். வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், பாலிசி இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்பு இறந்தவரின் வங்கி பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வாங்கி, மே மாதக் கடைசி வரிகளைப் பாருங்கள். 436 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம். எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம் உண்டு, சேர்ந்த முதல் ஒரு மாதத்தில் மட்டும் விபத்து மரணமாக இருக்க வேண்டும். 20 ரூபாய் கழிந்திருந்தால் அது சுரக்ஷா திட்டம், விபத்தென்றால் 2 லட்சம். வங்கி தானாகக் கூப்பிட்டுச் சொல்லாது. நாமினிதான் இறப்புச் சான்றிதழோடு அதே கிளைக்குப் போய் கிளெய்ம் படிவம் கேட்க வேண்டும். முப்பது நாளுக்குள் கொடுத்துவிடுவது நல்லது. கணக்கில் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று உயிரோடு இருக்கும்போதே பார்த்து வைத்தால் அதற்கு மேல் அலைச்சல் இராது.